மிளகாய்த் தோணி

பதுளை பஸாரில் எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் ஒரு தோணி கிடந்தது. நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர். பதுளு ஓயா என்று ஒன்று ஓடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதில் தோணியை இறக்கினால் அடுத்த பாறையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் பலசரக்குக் கடைக்காரருக்குத் தோணி எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால் வாப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அது உம்மாவின் சீதனத்தோடு வந்தது. கட்டில், அலுமாரி, செம்புப் பாத்திரங்களோடு மாட்டு வண்டியில் மலையேறி வந்த தோணியைப் பார்க்க பஸாரே திரண்டதாம். அன்று தொடங்கி வாப்பாவுக்குக் ‘கப்பல் முதலாளி’ என்ற பட்டம் நிலைத்துவிட்டது. அந்தக் கடுப்பிலோ என்னவோ, அவர் அதைக் கிடங்கு மூலையில் தள்ளி, செத்தல் மிளகாயைக் கொட்டி வைத்துவிட்டார்.

மிளகாய் குறைந்திருக்கும் நாட்களில் நான் ஒரு சாக்கை விரித்து அதற்குள் படுத்துக்கொள்வேன். தகரக் கூரையில் மழை பெய்யும். ஓட்டை வழியே விழும் வெளிச்சத்தில் சிவப்புத் தூள் மிதக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் தோணி மெல்ல நகரத் தொடங்கும். அரிசி மூட்டைகளும் வெங்காய மூட்டைகளும் கரையாக மாறிப் பின்னால் போகும். தும்மல் வந்தால்தான் பயணம் முடியும். “புள்ள, கண்ணெரிஞ்சா பொறகு அழுவீங்க, எறங்குங்கொ!” என்று உம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவார். ஆனால் சில நாள் அவரே வந்து தோணியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அப்போது அவர் பதுளையில் இல்லை என்பது எனக்கே தெரியும்.

உம்மா பிறந்த ஊர் கும்புக்தொட்ட. மலையெல்லாம் இறங்கி முடிந்த பிறகு, மகாவலி கங்கை அவசரமில்லாமல் சமவெளியில் ஓடுகிற இடத்தில் இருந்தது. உம்மாவின் பாட்டனார் காலத்தில் கடல் பக்கத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிய பெரிய தோணிகள் கங்கை வழியே ஏறி அந்தத் துறை வரைக்கும் வருமாம். அதற்கு மேல் பாறை; தோணி போகாது. அதனால் அங்கேயே சரக்கை இறக்கி, பொதிமாடுகளின் முதுகில் ஏற்றி, பதுளைக்கும் தோட்டங்களுக்கும் அனுப்புவார்கள். மாடுகள் திரும்பி வரும்போது பாக்கும் மிளகும் கோப்பியும் இறங்கும். துறையை ஒட்டி ஒரு நீளத் தெரு, தெரு முழுக்கக் கடை, உப்புக் கிடங்கு, ஓடு போட்ட பள்ளிவாசல். கங்கையில் மாட்டு மணியும் துடுப்புச் சத்தமும் ஓயாத ஊர் என்று உம்மா சொல்வார். அவரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார், பார்த்தவரில்லை.

பிறகு பதுளைக்கு ரயில் வந்தது. உப்பு ரயிலில் ஏறிக்கொண்டது. கருவாடு கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, அதுவும் லொறியில் ஏறிக்கொண்டது. அக்கரைக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலையாவது மிஞ்சியதே என்று தோணிகள் இருந்தபோது, துறைக்குக் கொஞ்சம் மேலே பாலம் போட்டார்கள். பாலத்துக்காக மனுக் கொடுத்தவர்களே கும்புக்தொட்டக் கடைக்காரர்கள்தான். பாலம் திறந்ததும் வந்த பஸ்ஸில் மூட்டைமுடிச்சோடு முதலில் ஏறிப் போனவர்களும் அவர்கள்தான். பதுளைக்கு, பண்டாரவளைக்கு என்று போய், அங்கே கடை போட்டார்கள். நான் பார்த்த கும்புக்தொட்டவில் கதவில்லாத கடைகளுக்குள் நாயுருவி வளர்ந்திருந்தது. திறந்திருந்த ஒரே கடை என் மாமாவுடையது.

மாமா உம்மாவின் அண்ணன். ஒல்லி, ஓயாத பேச்சு, எதற்கெடுத்தாலும் கண் கலங்குவார். பள்ளிவாசலையும் அதற்குப் பக்கத்தில் அவுலியா என்ற இறைநேசர் அடங்கிய ஸியாரத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை அவுலியா நினைவாக அங்கே கந்தூரி விருந்து நடக்கும். ஊரை விட்டுப் போன குடும்பங்கள் எல்லாம் அன்று திரும்பி வரும். தோட்டங்களிலிருந்தும் நேர்ச்சை வைத்தவர்கள் லொறி பிடித்து வருவார்கள். அந்தக் கந்தூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. கொடி கடல் பக்கத்திலிருந்து தண்ணீர் வழியாக வர வேண்டும். அவுலியா அப்படித்தான் தோணியில் வந்து இறங்கினாராம். கடலோரத்துத் தோணிக்காரர்கள் பச்சைக் கொடியைக் கொண்டுவந்து துறையில் இறக்கிய பிறகுதான் அடுப்பில் தீ மூட்டுவார்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கங்கை வற்றிவிட்டது. மேலே எங்கேயோ தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பதுளையில் எங்கள் வீட்டு முன்னறையில் கும்புக்தொட்டப் பெரியவர்கள் கூடினார்கள். வாப்பாவும் அதில் ஒருவர். இந்த வருஷம் கொடி தண்ணீரில் வந்தால் சரி, வராவிட்டால் அடுத்த வருஷம் தொடக்கம் கந்தூரியைப் பதுளையிலேயே வைத்துக்கொள்வோம், எல்லாருக்கும் லேசு என்று முடிவாயிற்று. வாப்பாவும் தலையாட்டினார். உம்மா அன்று யாருக்கும் சாயாவுக்குச் சீனி போடவில்லை.

கந்தூரிக்குச் சில நாள் முன்னால் மாமா வந்து சேர்ந்தார். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பார்சல். கொடிதான். கடலோரத்துக்காரர்கள் அதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, “தோணியெல்லாம் வித்திட்டோம், தண்ணியும் இல்ல, மன்னிச்சிக்கொள்ளுங்கொ” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு குழந்தைப் பிள்ளையைப் போல அழுதார்.

“கந்தூரி போனா ஊரு போச்சி தங்கச்சி. வருஷத்துக்கு ஒரு நாள்தானே மனிசர் வாராங்க. அதுவும் இல்லாட்டி நானும் ஸியாரமும் காட்டு யானையும்தான்.”

உம்மா எழுந்து கிடங்குப் பக்கம் போனார். மாமா அவர் பின்னால் போனார். நான் மாமாவின் பின்னால். மூன்று பேரும் தோணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் வாப்பாவும் வந்து நின்றார். மாமா தோணியையும் வாப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வாப்பா கந்தூரியைப் பதுளைக்குக் கொண்டுவரச் சொன்ன கட்சி. இப்போது வெடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“மச்சான், அப்ப மொளகாய எங்க கொட்டுற?” என்றார் வாப்பா. அவ்வளவுதான் அவர் கேட்டது.

திட்டம் எளியது. தோணியை லொறியில் கொண்டுபோய்ப் பாலத்தடியில் இறக்கி, கொடியை அதில் கட்டித் துறைக்கு விடுவது. துறைக்குக் கீழே காடு, லொறி போகாது. லொறி போகக்கூடிய ஒரே இடம் மேலேயிருந்த பாலம்தான். தோணியை ஓட்டி வருகிறவர் கும்புக்தொட்ட ஆட்களுக்கு அறிமுகமில்லாதவராக இருக்க வேண்டும். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லொறி டிரைவர் எங்கள் கடை வாடிக்கைக்காரர். அந்த ஸியாரத்தில் நேர்ந்துகொண்டு, பல வருஷம் கழித்துப் பிள்ளை பெற்றவர் அவருடைய மனைவி. வாப்பா டிரைவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

“தொரைக்குத் தெரிஞ்சா பத்துச்சீட்டக் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாருங்க மொதலாளி,” என்று அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, “இருந்தாலும் அந்தச் சாமி குடுத்த புள்ளைங்க. வாங்க, ஏத்துவோம்,” என்றார்.

மாமா என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். “மகள், இது நமக்குள்ள. மௌத்தாகும் வரைக்கும் ஒருத்தருக்கும் செல்லப் போடாது.” நான் சத்தியம் செய்தேன். அந்த வயதில் அவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் என்னிடம் தந்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு இரண்டு சாண் விரிந்துவிட்டது.

கந்தூரியன்று விடியற்காலை சுபஹு தொழுகை முடிந்ததும் லொறி புறப்பட்டது. வாப்பா பெரியவர்களோடு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு. உம்மா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தார். நானும் மாமாவும் பின்னால், தோணிக்குள். மேலே படங்குச் சீலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓர் ஓரம் மட்டும் திறந்திருந்தது. நான் மல்லாந்து படுத்துக்கொண்டேன். பதுளையின் கூரைகள் போயின. பனி உள்ளே வந்து முகத்தைத் தொட்டுவிட்டுப் போனது. தேயிலை மலைகள் ஒவ்வொன்றாக எழும்பி, சாய்ந்து, பின்னால் தாழ்ந்தன. லயத்துக் கூரைகளின் புகை, சவுக்கு மர உச்சிகள், எங்கேயோ ஒரு கோயில் மணி. வளைவுக்கு வளைவு லொறி சாயும்போது தோணியும் சாய்ந்தது. கிடங்குக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டு போன பயணமெல்லாம் எதற்கு ஒத்திகை என்று அன்றுதான் தெரிந்ததுபோல் இருந்தது. மலையிலிருந்து தோணியில் இறங்கிப் போகிறேன்! என் வாழ்க்கையில் பிறகு எத்தனையோ வாகனத்தில் ஏறிவிட்டேன், விமானத்திலும் ஏறியிருக்கிறேன். அந்தச் சந்தோஷம் திரும்ப வரவில்லை.

மாமாவோ பயணம் முழுக்கக் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். இடையிடையே தும்மினார்.

பாலத்தடியில் தோணியை இறக்கி, இலைகளை வெட்டிப் போட்டு மறைத்தார்கள். கங்கை இரண்டாகப் பிளந்து, நடுவில் மணல் வெளுத்துக் கிடந்தது. ஓரமாக ஒரு கால்வாய் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. டிரைவருக்கு மாமா தன் சாரத்தையும் தொப்பியையும் கொடுத்தார். வாயைத் திறந்தால் தோட்டத்துப் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும், அதனால் பேசவே கூடாது என்று சொல்லி வைத்தார்.

“ஸ்டியரிங் கைல ஈக்கிற மாதிரி நெனச்சிக்கொள்ளுங்கொ, பயமில்ல,” என்றார் மாமா.

“ஸ்டியரிங்க விடுங்க, பிரேக்கு எங்கங்க இருக்கு?” என்று கேட்டார் டிரைவர். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் கரையில் கூடினார்கள். பதுளையிலிருந்து வந்த பஸ்கள் எல்லாம் பாலத்தடியில்தான் நின்றன. அங்கிருந்து கரையோரமாக நடந்து வந்தார்கள். பக்கீர் பாவாக்கள் றபான் மேளத்தை அடிக்கத் தொடங்கினார்கள். வெயில் சாய்ந்து, கரையோரக் கும்புக் மரங்களின் நிழல் மணலில் நீண்டது. ஆண்கள் துறைப் படிகளில், பெண்கள் மரத்தடியில். எல்லாருடைய முகமும் கங்கையின் கீழ்ப்பக்கம், கடல் இருக்கும் திசையைப் பார்த்திருந்தது. அவர்களுடைய வாப்பாமாரும் அப்படித்தான் பார்த்து நின்றிருப்பார்கள். அந்தப் பக்கம் மணலையும் கொக்கையும் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நான் உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

தோணி அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராக, பிறகு எல்லாரும். பச்சைக் கொடி காற்றில் படபடக்க, தோணி பக்கவாட்டில் அசைந்து அசைந்து மலைப்பக்கத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. டிரைவர் துடுப்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே வட்டமாகப் பிடித்திருந்தார். தொப்பிக்குக் கீழே நெற்றியில் காலையில் பூசிய திருநீறு மூன்று கோடாக அப்படியே இருந்தது. அதை அழிக்கச் சொல்ல மாமா மறந்திருந்தார். கரை நெருங்கியதும் அவர் எல்லாக் கட்டளையையும் மறந்து, “வெலகுங்க, வெலகுங்க! வண்டி வருது!” என்று கத்தினார்.

றபான் நின்றுவிட்டது. தண்ணீர் கல்லில் உரசுகிற ஓசை மட்டும் கேட்டது. மாமா படியில் நின்றபடி, யாரும் கேட்காமலே, “தண்ணி கொறஞ்சிட்டு... அதனால விடியக் காலமே வந்து... பாலத்தடில தங்கி...” என்று தடுமாறினார். எல்லாம் முடிந்தது, பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது நபி பேரில் ஸலவாத்துச் சொல்லும் ஒரு குரல் எழும்பியது. வாப்பாவின் குரல். கடையில் விலை பேசும்போதுகூட உரத்துப் பேசாத மனிதர், கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். ஒரு நொடி கழித்துப் பக்கத்திலிருந்தவர் சொன்னார். பிறகு கரை முழுவதும் அதிர்ந்தது. றபான் மறுபடி தொடங்கியது. முக்கால்வாசிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள், மரத்தடியிலிருந்த பெண்கள் எல்லாருமே அழுதார்கள். ஏன் இவ்வளவு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை, தோணிதான் வந்துவிட்டதே!

கொடியை வாங்குகிற உரிமை பள்ளிவாசல் மோதினாருக்கு. பல்லில்லாத கிழவர், காலத்துக்கும் அங்கே பாங்கு சொன்னவர், இப்போது பண்டாரவளையில் மகனோடு இருந்தார். அவர் தோணிக்குள் குனிந்து கொடியை எடுத்தார். எடுத்தவர் தும்மினார். மறுபடி தும்மினார். பின்னால் நின்றவர்களும் தும்மத் தொடங்கினார்கள். படித்துறை முழுக்க ஒரே தும்மல்.

“இந்த வருஷம் கடல் காத்து கொஞ்சம் காரம்,” என்றார் மோதினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓ, காரம்தான் என்று இரண்டொருவர் தலையாட்டினார்கள். பெரியவர்கள் இவ்வளவு முட்டாள்களாக இருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

அடுப்பு எரிந்தது. அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சகன் வைத்தார்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். டிரைவரையும் ஒரு தட்டில் இருத்தி, இறைச்சித் துண்டுகளையெல்லாம் அவர் பக்கம் தள்ளினார்கள். எந்த ஊர், என்ன பேர் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் பெரியவர்கள் பள்ளிவாசலில் கூடி, கொடி தண்ணீரில் வந்துவிட்டதால் கந்தூரி கும்புக்தொட்டவிலேயே நடக்கும் என்று முடிவு செய்தார்கள். அடுத்த வருஷம் கொடி பஸ்ஸிலேயே வந்தது. அதைத் துறையில் நனைத்து எடுத்தார்கள். தோணி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தோணி கிடங்குக்குத் திரும்பியது. கொடி வந்த தோணியில் மிளகாய் போடுவது மரியாதையில்லை என்று வாப்பா அதில் வெங்காயம் போட்டார்.

சில வருஷம் கழித்து மாமாவுக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர் அதற்கு முன் தன் ஆட்களையெல்லாம் பார்த்து, தான் செய்த பிழைகளுக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். பொருந்திக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்பார். பொருந்திவிட்டோம் என்று இவர்கள் சொல்வார்கள். கும்புக்தொட்டக்காரர்கள் எல்லாரும் எங்கள் முன்னறையில் பாயில் இருந்தார்கள். மாமா வெள்ளை உடுப்போடு நடுவில் நின்றார். வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லி முடித்தார், எல்லாரும் பொருந்திவிட்டோம் என்றார்கள். ஆனால் அவர் உட்காரவில்லை.

“தெரிஞ்சே செஞ்ச பிழை ஒண்டு ஈக்கி,” என்றார். “ஒங்க எல்லாரையும் ஏமாத்தினேன். அவுலியாவையும் ஏமாத்தினேன். அந்த நாள்லேந்து தொழுகைல நிண்டா அதுதான் நெஞ்சில வருது. என்னண்டு கேக்காதீங்கொ, செல்ல வெக்கமா ஈக்கி. கேக்காமப் பொருந்திக்கொள்ளுங்கொ.”

வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் எல்லாரும் மோதினாரைப் பார்த்தார்கள். கிழவர் மெல்ல எழுந்து வந்து மாமாவின் கையைப் பிடித்தார்.

“தண்ணீலதானே தம்பி வந்திச்சி,” என்றார்.

“ஓ, தண்ணீலதான் வந்திச்சி. நாங்க எல்லாரும் கண்ணால கண்டோமே,” என்றது பாயிலிருந்து ஒரு குரல். ஆமாம், ஆமாம் என்று அறை முழுவதும் சொன்னது.

மாமா அதுவரை தோணியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மோதினாரின் கையைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

“பொருந்திட்டாங்கதானே உம்மா, பொறகும் ஏன் மாமா அழுறாங்க?” என்று கதவோரத்தில் நின்ற உம்மாவைக் கேட்டேன்.

“சாயா ஆறுது, கொண்டுபோய்க் குடுங்கொ,” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை என் கையில் தந்தார் உம்மா. நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் நடந்தேன். இவர்களில் ஒருவருக்குமே தெரியாத அந்த இரகசியத்தை இத்தனை வருஷமும் சிந்தாமல் காப்பாற்றி வைத்திருக்கிறேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.